முதன்மைச் சாவியின் தரவு வகையும் தரவுத்தளத்தின் வேகமும்

உறவுமுறைத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையின் ஒவ்வொரு பதிவையும் மற்றப் பதிவுகளிலிருந்து தனித்து அடையாளம் காட்டும் புலம் முதன்மைச் சாவி எனப்படுகிறது. முதன்மைத் திறவுகோல், பிரைமரி கீ என்றும் இதைக் குறிப்பிடுவர். எட்கர் எஃப். காட் 1970-இல் உறவுமுறைத் தரவு மாதிரியை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே இந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. பாடநூல்கள் இதற்கு இரண்டு விதிகளைச் சொல்கின்றன: ஒரே மதிப்பு இரண்டு பதிவுகளில் வரக்கூடாது, மதிப்பு வெற்றாக இருக்கக்கூடாது. அந்த மதிப்பு 4 பைட் முழு எண்ணா, 8 பைட் முழு எண்ணா, 36 எழுத்துகள் கொண்ட சரமா என்பது பற்றி அந்த விதிகள் எதுவும் கூறுவதில்லை. விதிப்படி எல்லாமே சரிதான். ஆனால் பதிவுகள் கோடிக்கணக்கில் பெருகும்போது வட்டில் பிடிக்கும் இடம், நினைவகத்தில் தங்கும் பங்கு, புதிய பதிவைச் சேர்க்க ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் அந்தத் தேர்வு பெருமளவு முடிவுசெய்கிறது.

தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 நவம்பர் 8 அன்று நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. அன்று பேஸ்கேம்ப் 3 என்ற பணித்திட்ட மேலாண்மைச் செயலியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எவராலும் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. பழையவற்றைப் பார்க்க மட்டுமே முடிந்தது. நிகழ்வுகளைப் பதிந்துவந்த அட்டவணையின் முதன்மைச் சாவி 4 பைட் முழு எண்ணாக இருந்ததும், அது 2,147,483,647 என்ற தன் உச்சவரம்பைத் தொட்டுவிட்டதுமே காரணம். பேஸ்கேம்பிலிருந்து பிறந்த ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பு, 2017-இல் வெளிவந்த 5.1 பதிப்பிலேயே புதிய அட்டவணைகளின் சாவியை 8 பைட்டாக மாற்றியிருந்தது. ஏற்கெனவே இருந்த அட்டவணை மட்டும் பழைய வகையிலேயே நின்றுவிட்டது.

பக்கமும் மரமும்

தரவுத்தளங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாக வட்டிலிருந்து எடுப்பதில்லை. பக்கம் எனப்படும் கட்டுக்கட்டாகவே படிக்கின்றன, எழுதுகின்றன. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பொறியில் ஒரு பக்கத்தின் இயல்பான அளவு 16 கிலோபைட். போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய இரண்டிலும் 8 கிலோபைட். ஒரு பதிவில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும் அது இருக்கும் பக்கம் முழுவதும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். ஆகவே வேகம் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை, எத்தனை பக்கங்களைத் தொட வேண்டியிருக்கிறது என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன.

தேடும் பதிவு எந்தப் பக்கத்தில் உள்ளது என்று கண்டறிய உதவுவது இன்டெக்ஸ். நூலின் கடைசியில் அச்சிடப்படும் சொல்லடைவைப் போன்றது இது. இன்டெக்ஸ்களில் பெரும்பாலானவை பி-மரம் என்ற அமைப்பில் கட்டப்படுகின்றன. போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் ஆகிய இருவரும் 1970-களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டனர். மரத்தின் உச்சியில் ஒரு பக்கம் இருக்கும். அதில் சாவிகளும், ஒவ்வொரு சாவி எல்லைக்கும் கீழே எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அப்படியே படிப்படியாக இறங்கினால் அடியில் உள்ள இலைப்பக்கங்களை அடையலாம். இலைப்பக்கங்களில் சாவிகள் எப்போதும் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இந்த ஏறுவரிசைக் கட்டாயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

இன்னோடிபியில் முதன்மைச் சாவிக்கு இன்னொரு பங்கும் உண்டு. அங்கே பதிவுகள் தனியாக ஓரிடத்திலும் சாவியின் இன்டெக்ஸ் வேறிடத்திலும் இருப்பதில்லை. இன்டெக்ஸின் இலைப்பக்கங்களிலேயே முழுப் பதிவும் சாவியின் வரிசைப்படி சேமிக்கப்படுகிறது. இதற்குக் கிளஸ்டர்டு இன்டெக்ஸ் என்று பெயர். எஸ்க்யூஎல் சர்வரும் முதன்மைச் சாவியை வரையறுக்கும்போது, வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், இதே அமைப்பையே உருவாக்குகிறது. முதன்மைச் சாவியே இல்லாமல் அட்டவணை உருவாக்கினாலும் இன்னோடிபி விடுவதில்லை. வெற்றாக இருக்க முடியாத தனித்த இன்டெக்ஸ் ஏதேனும் இருந்தால் அதை எடுத்துக்கொள்கிறது. அதுவும் இல்லையெனில் கண்ணுக்குத் தெரியாத 6 பைட் எண் ஒன்றைத் தானே ஒவ்வொரு பதிவுக்கும் ஒட்டிவிடுகிறது.

அகலத்தின் விலை

சாவி அகலமானால் மரம் உயரமாகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது உண்மைதான். இன்னோடிபியின் மேல்நிலைப் பக்கத்தில் 8 பைட் சாவிக்கு, கீழ்ப்பக்கத்தின் எண்ணுக்கான 4 பைட்டும் பதிவின் தலைப்பகுதிக்கான 5 பைட்டும் சேர்த்து 17 பைட் ஆகிறது. 16 கிலோபைட்டில் இவ்வாறு சுமார் 960 குறிப்புகள் அடங்கும். சாவி 36 எழுத்துச் சரமானால் சுமார் 350 மட்டுமே அடங்கும். ஓர் இலைப்பக்கத்தில் 100 பதிவுகள் என்றும், பக்கங்கள் எல்லாம் நிறைந்துள்ளன என்றும் கொண்டால், மூன்று அடுக்கு மரத்தில் முதல் வகையில் 9 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இடம்பெறும். இரண்டாம் வகையில் ஒன்றேகால் கோடிக்குள் முடிந்துவிடும். 5 கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் ஒன்றுக்கு மூன்று அடுக்கு, மற்றொன்றுக்கு நான்கு.

ஆனால் இந்த ஓர் அடுக்குக்காக அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மேலடுக்குப் பக்கங்கள் எண்ணிக்கையில் குறைவு. அடிக்கடி பயன்படுவதால் அவை எப்போதும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். அகலமான சாவியின் உண்மையான செலவு, அது எத்தனை இடங்களில் நகலெடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

இன்னோடிபியில் முதன்மைச் சாவி அல்லாத மற்றப் புலங்களின்மீது உருவாக்கப்படும் ஒவ்வோர் இன்டெக்ஸும், பதிவைச் சுட்ட முதன்மைச் சாவியின் மதிப்பையே தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஓர் இணைய அங்காடியின் ஆர்டர் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர், நாள், நிலை, கைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகிய ஐந்து புலங்களுக்கும் இன்டெக்ஸ் உள்ளது; பதிவுகள் 10 கோடி. முதன்மைச் சாவி 4 பைட் என்றால், ஐந்து இன்டெக்ஸ்களிலும் அதன் நகல்கள் மட்டும் 2 ஜிகாபைட் பிடிக்கும். 8 பைட் என்றால் 4 ஜிகாபைட், 16 பைட் என்றால் 8 ஜிகாபைட், 36 எழுத்துச் சரம் என்றால் 18 ஜிகாபைட். பயனருக்கு வேண்டிய எந்தத் தகவலும் இதில் கூடவில்லை.

நகலெடுப்பு அந்த அட்டவணையோடு நிற்பதும் இல்லை. ஒவ்வோர் ஆர்டரிலும் சராசரியாக மூன்று பொருள்கள் இருந்தால், பொருள் அட்டவணையில் 30 கோடிப் பதிவுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் ஆர்டரின் சாவி அயல்சாவியாக மீண்டும் எழுதப்பட வேண்டும். அந்த அயல்சாவிக்கும் ஓர் இன்டெக்ஸ் வேண்டும். பணம் செலுத்தியது, அனுப்பியது, திருப்பிப் பெற்றது என்று ஆர்டரைச் சுட்டும் அட்டவணைகள் பெருகப் பெருக, ஆர்டர் அட்டவணையில் ஒருமுறை எடுத்த முடிவின் அகலம் எல்லாவற்றிலும் பரவுகிறது. 64 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில், வெறும் சாவி நகல்கள் 30 ஜிகாபைட்டைப் பிடித்துக்கொண்டால் உண்மையான தரவுக்குக் கிடைக்கும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இந்தக் கணக்கு வேறு. அங்கே பதிவுகள் சாவியின் வரிசையில் அல்லாமல் தனிக் குவியலாகச் சேமிக்கப்படுகின்றன. எல்லா இன்டெக்ஸ்களும் அந்தக் குவியலில் பதிவு இருக்கும் இடத்தை 6 பைட் முகவரியால் சுட்டுகின்றன. ஆகவே மற்ற இன்டெக்ஸ்களுக்குள் முதன்மைச் சாவி நகலெடுக்கப்படுவதில்லை. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 64 பிட் கணினிகளில் இன்டெக்ஸின் ஒவ்வோர் உள்ளீடும் 8-இன் மடங்காக நிரப்பப்படுவதால், 4 பைட் எண்ணுக்கும் 8 பைட் எண்ணுக்கும் இன்டெக்ஸின் அளவு ஒன்றேதான். ஒரு கோடிப் பதிவுகளுக்கு இரண்டுமே சுமார் 214 மெகாபைட் பிடிக்கும். 16 பைட் சாவி, வரிசையாகச் சேர்க்கப்பட்டால், சுமார் 300 மெகாபைட். இடத்தை மிச்சப்படுத்த 4 பைட் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் போஸ்ட்கிரெஸில் அந்த இன்டெக்ஸ் எதையும் மிச்சப்படுத்தித் தருவதில்லை.

வரிசை குலைந்தால்

அகலத்தைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது சாவிகள் பிறக்கும் வரிசை. தானாக ஒன்று ஒன்றாகக் கூடும் முழு எண்ணைச் சாவியாக வைத்தால், புதிய பதிவு எப்போதும் மரத்தின் வலது ஓரத்தில், கடைசி இலைப்பக்கத்தில் போய்ச் சேரும். அந்தப் பக்கம் நிறைந்ததும் அடுத்தது திறக்கப்படும். எழுதும் வேலைக்கு நினைவகத்தில் அந்த ஓரிரு பக்கங்கள் இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறானது யூயூஐடி பதிப்பு 4. யூயூஐடி என்பது 128 பிட், அதாவது 16 பைட் கொண்ட அடையாள எண். எழுத்தில் எழுதினால் 32 பதினாறு நிலை எண்ணுருக்களும் நான்கு இடைக்கோடுகளுமாக 36 எழுத்துகள் வரும். பதிப்பு 4-இல் 122 பிட்டுகள் சமவாய்ப்பு முறையில், ரேண்டமாக, உருவாக்கப்படுகின்றன. இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கேட்காமலேயே மோதல் அச்சமின்றி அடையாளங்களை உருவாக்கலாம் என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் அடுத்தடுத்த நொடிகளில் பிறந்த இரண்டு சாவிகளுக்கு இடையில் எந்த அண்மையும் இல்லை. ஏறுவரிசையில் அடுக்கப்பட்ட மரத்தில் ஒன்று நடுவில் போகும், அடுத்தது தொடக்கத்தில் போகும், அதற்கடுத்தது வேறெங்கோ போகும்.

போய்ச் சேரும் பக்கத்தில் இடமில்லை என்றால் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிளந்து, பாதிப் பதிவுகளைப் புதிய பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். இது பக்கப் பிளவு எனப்படுகிறது. பிளந்த பக்கங்கள் இரண்டும் பாதி காலியாக நிற்கும். வரிசையாகச் சேர்க்கும்போது பக்கங்கள் பதினாறில் பதினைந்து பங்கு நிறையும் என்றும், வரிசையின்றிச் சேர்க்கும்போது பாதி முதல் பதினாறில் பதினைந்து பங்கு வரை நிறையும் என்றும் மைஎஸ்க்யூஎல்லின் கையேடு கூறுகிறது. சமவாய்ப்பு முறையில் நிரம்பும் பி-மரம் சராசரியாக 69 விழுக்காடே நிறைந்திருக்கும் என்பது கணித முறையில் காட்டப்பட்ட முடிவு. இன்னோடிபியில் முழுப் பதிவும் இலைப்பக்கத்திலேயே இருப்பதால், அட்டவணை முழுவதுமே இப்படிக் காற்றடைத்த மூட்டையாக உப்பிவிடுகிறது.

நினைவகத்தின் நிலை இன்னும் மோசம். சாவி எங்கே விழும் என்று தெரியாததால் மரத்தின் எல்லாப் பக்கங்களும் எந்த நேரமும் தேவைப்படலாம். மரம் நினைவகத்துக்குள் அடங்கும் வரை இது வெளியே தெரியாது. அடங்காமல் போன நாளிலிருந்து, ஒவ்வொரு புதிய பதிவுக்கும் முதலில் ஒரு பக்கத்தை வட்டிலிருந்து படித்து, மாற்றி, பிறகு வேறு பக்கத்துக்கு இடம்விட அதை எழுதிவைக்க வேண்டியதாகிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய செயலி திடீரென்று தள்ளாடுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். ஆயிரம் பதிவுகளை வைத்துச் சோதித்துவிட்டு எந்தச் சாவியும் ஒன்றுதான் என்று முடிவுகட்டும் மாணவர் செயல்திட்டங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. அந்த ஆயிரம் பதிவுகள் சில பக்கங்களில் அடங்கிவிடும். எந்த வகைச் சாவியும் அங்கே வேகமாகவே ஓடும்.

பதிவுகள் குவியலாக இருக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் இதிலிருந்து முழுவதும் தப்புவதில்லை. மின்தடை போன்றவற்றால் பக்கம் பாதி எழுதப்பட்டு நின்றுவிடாமல் காக்க, ஒவ்வொரு சோதனைப்புள்ளிக்குப் பிறகும் ஒரு பக்கம் முதன்முறை மாற்றப்படும்போது அந்தப் பக்கம் முழுவதையும் அது முன்பதிவுக் கோப்பில் எழுதுகிறது. வரிசையான சாவிகள் நூறு சேர்க்கப்பட்டால், அவை ஓர் இன்டெக்ஸ் பக்கத்திலோ இரண்டிலோ விழும். கோப்பில் ஏறுவது 8 அல்லது 16 கிலோபைட். ரேண்டம் சாவிகள் நூறும் நூறு வெவ்வேறு பக்கங்களில் விழுந்தால் 800 கிலோபைட் ஏறும். அந்த முன்பதிவுக் கோப்பே நகல் சேவையகங்களுக்கும் காப்புப்பிரதிக்கும் அனுப்பப்படுவதால், செலவு வலையமைப்பிலும் எதிரொலிக்கிறது.

எழுத்துச்சரம் சாவியாகும்போது

16 பைட்டில் அடங்கும் யூயூஐடியை 36 எழுத்துச் சரமாகச் சேமிப்பது மிகப் பரவலான தவறு. இடம் இருமடங்குக்கு மேல் போகிறது என்பதோடு, ஒப்பிடும் வேலையும் கூடுகிறது. இரண்டு முழு எண்களை ஒப்பிடுவது செயலிக்கு ஒரே கட்டளை. சரங்களை ஒப்பிட, மொழிக்குரிய அகரவரிசை விதிகளின்படி எழுத்து எழுத்தாகச் செல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் யூயூஐடிக்கென்றே 16 பைட் தரவு வகை உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் சரத்தை 16 பைட் இருமமாக மாற்றும் செயற்கூறு தரப்பட்டுள்ளது.

தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைப்பதில் தனிச் சிக்கல்கள் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கி' என்ற ஓர் எழுத்து, ககரம் ஒன்றும் இகரக் குறி ஒன்றுமாக 6 பைட் ஆகிறது. அகலத்தைவிடப் பெரிய சிக்கல் 'கொ' போன்ற எழுத்துகளில் உள்ளது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் 6 பைட், இரண்டாம் வகையில் 9 பைட். பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் அமைப்பில் இவை இரண்டு வேறு சாவிகள். கொழும்பு என்ற ஊர் அட்டவணையில் இருமுறை நுழைந்துவிடும். முதன்மைச் சாவியின் தனித்தன்மை விதி மீறப்பட்டதாகக் கணினி சொல்லவே சொல்லாது. சேமிக்கும் முன் சரங்களை ஒரே ஒருங்குறி வடிவத்துக்குக் கொண்டுவருவது இதற்குத் தீர்வு. ஊர்ப்பெயரைச் சாவியாக வைக்காமல் விடுவது அதைவிட நல்ல தீர்வு.

வெளியுலகில் ஏற்கெனவே வழங்கும் எண்ணையோ குறியீட்டையோ சாவியாகக் கொள்வது இயற்கைச் சாவி எனப்படுகிறது. இதன் ஆபத்து, அதன் வடிவத்தை முடிவுசெய்பவர் வேறொருவர் என்பதுதான். நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் 2007 சனவரியில் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாக மாறியது. இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண் நெடுங்காலம் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது; 2016 முதல் புதிய அட்டைகளில் அது 12 இலக்கங்கள். அவற்றைச் சாவியாக வைத்திருந்த அட்டவணைகளோடு, அவற்றைச் சுட்டிய எல்லா அட்டவணைகளும் மாற வேண்டியிருந்திருக்கும்.

இந்தியக் கைபேசி எண்ணை முழு எண்ணாகச் சேமிப்பதும் பழக்கமான ஒரு பிழை. 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண், குறியற்ற 4 பைட் எண்ணின் உச்சமான 4,294,967,295-க்குள் அடங்காது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் கண்டிப்பற்ற நிலையில் இதைப் பிழை என்று நிறுத்தாமல், எண்ணை உச்சவரம்புக்கு வெட்டிச் சேமித்துக்கொண்டன. எல்லா வாடிக்கையாளருக்கும் 2147483647 என்ற ஒரே கைபேசி எண் இருக்கும் அட்டவணைகள் அப்படி உருவானவையே. எண்ணைச் சரமாகச் சேமித்துவிட்டு, வினவலில் மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாக ஒப்பிட்டால் வேறு சிக்கல் வரும். அப்போது மைஎஸ்க்யூஎல் அந்தப் புலத்தின் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் ஒவ்வொரு பதிவாகப் படிக்கும்.

தசமப் புள்ளி எண்ணைச் சாவியாக வைக்கவே கூடாது. 4 பைட் மிதவைப் புள்ளி எண்ணால் 16,777,216-க்கு மேற்பட்ட முழு எண்கள் எல்லாவற்றையும் துல்லியமாகக் காட்ட முடியாது. அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒன்றாகிவிடும்.

நேரத்தைச் சுமக்கும் சாவிகள்

கணினிகள் தனித்தனியே அடையாளம் உருவாக்கவும் வேண்டும், சாவிகள் ஏறுவரிசையிலும் பிறக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் இணைக்க எண்ணின் முன்பகுதியில் நேரத்தை வைப்பதே வழி. டுவிட்டர் 2010-இல் அறிமுகப்படுத்திய ஸ்னோஃபிளேக் முறை இதைத்தான் செய்தது. 64 பிட்டுக்குள் 41 பிட் மில்லிநொடி நேரத்துக்கும், 10 பிட் கணினியின் அடையாளத்துக்கும், 12 பிட் தொடரெண்ணுக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு கணினி ஒரு மில்லிநொடியில் 4,096 அடையாளங்கள் தரலாம். 8 பைட்டே போதுமானது என்பதால் அகலச் சிக்கலும் இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரையிலான முழு எண்களை மட்டுமே பிழையின்றிக் கையாளும். அதைத் தாண்டும் அடையாளங்களின் கடைசி இலக்கங்கள் உலாவியில் மாறிப்போகும். ஆகவே டுவிட்டர் தன் நிரலிடைமுகத்தில் அதே எண்ணைச் சரமாகவும் சேர்த்துத் தரத் தொடங்கியது.

யூயூஐடியிலும் நேரம் கொண்ட வகை தொடக்கத்திலிருந்தே உண்டு. பதிப்பு 1 அப்படிப்பட்டது. ஆனால் அதில் நேரத்தின் வேகமாக மாறும் பகுதி முன்னாலும், மெதுவாக மாறும் பகுதி பின்னாலும் வைக்கப்பட்டிருப்பதால் அகரவரிசையில் அது நேர வரிசையாக வராது. மைஎஸ்க்யூஎல்லின் மாற்றுச் செயற்கூறு, கேட்டுக்கொண்டால், இந்தப் பகுதிகளை இடம்மாற்றித் தருவதும் இதற்காகவே. 2024 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 9562 ஆவணம் வரையறுத்த பதிப்பு 7 குழப்பத்தைத் தீர்த்தது. அதில் முதல் 48 பிட்டுகள் மில்லிநொடி நேரம். பதிப்பையும் வகையையும் காட்டும் 6 பிட்டுகள் போக மீதம் 74 பிட்டுகள் பெரும்பாலும் ரேண்டம். 2025-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 18 இதை உருவாக்கும் செயற்கூற்றைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. 16 பைட் அகலம் அப்படியே இருந்தாலும், புதிய சாவிகள் மரத்தின் வலது ஓரத்திலேயே சேர்வதால் பக்கப் பிளவும் நினைவகச் சிதறலும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. யூயூஐடிதான் வேண்டும் என்றால் இன்று பதிப்பு 4-ஐத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் வேண்டும்.

அத்தகைய காரணங்களும் இருக்கவே செய்கின்றன. பதிப்பு 7 பதிவு பிறந்த நேரத்தை வெளிப்படுத்திவிடும். தொடர் எண்ணோ எண்ணிக்கையையே வெளிப்படுத்தும். இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய செருமானிய பீரங்கி வண்டிகளின் வரிசை எண்களைக் கொண்டே நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் மாத உற்பத்தியை மதிப்பிட்டனர். இன்று ஓர் அங்காடியில் மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வோர் ஆர்டர் போட்டு, இரண்டு எண்களையும் கழித்துப் பார்க்கும் போட்டியாளர் செய்வதும் அதையே. உள்ளே 8 பைட் எண்ணை முதன்மைச் சாவியாக வைத்து, வெளியே காட்ட மட்டும் ரேண்டம் யூயூஐடியைத் தனிப் புலத்தில் வைப்பது ஒரு நடுவழி. அந்தப் புலத்தின் இன்டெக்ஸில் சிதறல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது சிறிய இன்டெக்ஸ் ஒன்றோடு நின்றுவிடும், மற்ற அட்டவணைகளுக்குப் பரவாது.

ஏறுவரிசைச் சாவி எங்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் எழுதும்போது எல்லாமே அந்தக் கடைசிப் பக்கத்துக்காகக் காத்து நிற்கும். எஸ்க்யூஎல் சர்வர் 2019 இதற்கெனத் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்தது. சாவியின் எல்லைகளைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கூகுள் ஸ்பேனரில், ஏறுவரிசைச் சாவி எல்லாப் புதிய பதிவுகளையும் ஒரே கணினிக்கு அனுப்பிவிடும் என்பதால் அதைத் தவிர்க்குமாறே கையேடு சொல்கிறது. அங்கே பதிப்பு 4 பொருத்தமான தேர்வு.

வகையைப் பின்னர் மாற்றுதல்

நொடிக்கு 100 பதிவுகள் சேரும் அட்டவணையில் 4 பைட் எண் சுமார் 248 நாள்களில் தீர்ந்துவிடும். நொடிக்குப் பத்து இலட்சம் சேர்த்தாலும் 8 பைட் எண் தீர 2 இலட்சத்து 92 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து இன்னும் இடமிருக்கிறது என்று நிம்மதி அடைவதும் சரியன்று. இரட்டிப்பு என்று நிராகரிக்கப்பட்ட சேர்ப்புகளும், பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனைகளும் எண்களைச் செலவழித்துவிடுகின்றன. சில இலட்சம் பதிவுகளே உள்ள அட்டவணைகூட உச்சவரம்பை நெருங்கியிருக்கலாம். பார்க்க வேண்டியது கடைசியாகத் தரப்பட்ட எண்ணை.

வகையை மாற்றும் கட்டளை ஒரே வரி. ஆனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 4 பைட்டை 8 பைட்டாக்கினால் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படும். அதுவரை அதை எவரும் படிக்கவும் முடியாது. மைஎஸ்க்யூஎல்லும் அட்டவணையை நகலெடுத்தே வகையை மாற்றும். அதுவரை எழுத முடியாது. ஆகவே பெரிய அட்டவணைகளில் புதிய 8 பைட் புலம் ஒன்றைச் சேர்த்து, புதிய பதிவுகளில் டிரிக்கர் மூலம் அதை நிரப்பி, பழையவற்றைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுத்து, தனித்த இன்டெக்ஸைப் பின்னணியில் கட்டிமுடித்த பிறகு இரண்டு புலங்களின் பெயரையும் மாற்றிக்கொள்கின்றனர். சாவியைச் சுட்டும் ஒவ்வோர் அயல்சாவிக்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். நாள்கள், சிலவேளை வாரங்கள் பிடிக்கும் பணி இது.

அவ்வளவு நேரம் கையில் இல்லாதவர்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் கையாளும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. குறியுள்ள 4 பைட் எண்ணின் எதிர்மப் பாதி அதுவரை பயன்படாமல் கிடக்கும். எண்களைத் தரும் வரிசையாக்கியை -2,147,483,648 இலிருந்து தொடங்கச் செய்தால் இன்னும் 214 கோடி எண்கள் கிடைக்கும். அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சாவியை இறங்குவரிசையில் அடுக்கிப் புதியவற்றை முதலில் காட்டும் திரைகள் மட்டும், அந்த நிமிடத்திலிருந்து புதிய பதிவுகளைக் கடைசிப் பக்கத்தில் காட்டத் தொடங்கும்.